ஸ்டோரி பாயின்ட் மணிக்கணக்கு அல்ல

சென்ற வாரம் ஒரு திட்ட மேலாளர் தன் கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்து காட்டினார். மூன்று மென்பொருள் குழுக்களின் வெலாசிட்டி, அதாவது ஒவ்வொரு குழுவும் ஒரு சுற்றில் முடிக்கும் ஸ்டோரி பாயின்ட்களின் கூட்டுத்தொகை, வரிசையாக இருந்தது. கடைசிக் குழுவுக்குச் சிவப்பு வண்ணம். “இவர்களை எப்படி வேகப்படுத்துவது?” என்று கேட்டார். மூன்றில் மிகக் குறைவான பிழைகளோடு வேலையை முடித்துத் தருவது அந்தக் குழுதான். அஜைல் (வேலையைச் சிறுசிறு சுற்றுகளாகச் செய்து முடிக்கும் முறை) பயிற்சி அளிக்கும் தொழிலில் இதே கேள்வியை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இனியும் நயமாகச் சொல்லிப் பயனில்லை.

ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் ஒப்பீடு. இந்த வேலை அந்த வேலையைவிடப் பெரிதா, எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. உழைப்பு, சிக்கல், இன்னும் புரியாத பகுதி எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கும். ஒரு குழுவின் 5, இன்னொரு குழுவின் 13 ஆகலாம், இரண்டும் சரியே. ஒருவர் முழம் போட்டு அளக்கிறார், மற்றவர் சாண் போட்டு அளக்கிறார். எண்ணை மட்டும் பார்த்து எந்தத் துணி நீளம் என்று தீர்ப்புச் சொல்வீர்களா? ‘ஒரு பாயின்ட் என்றால் 8 மணி நேரம்’ என்று விதி வகுப்பவர்கள் நேரடியாக மணிக்கணக்கிலேயே மதிப்பிடலாம், அதில் குற்றமில்லை. அஜைல் வழிமுறைகளில் ஒன்றான ஸ்கிரமுக்கு உரிய ஸ்கிரம் கையேட்டின் 2020 பதிப்பில் ஸ்டோரி பாயின்ட், வெலாசிட்டி என்ற சொற்களே கிடையாது. இல்லாத விதிக்காகத்தான் இத்தனை பேரை வாட்டுகிறோம்.

வெலாசிட்டியை இலக்காக்கினால், நேற்று 3 என்று மதிப்பிட்ட வேலை இன்று 5 ஆகும். சோதனை சுருங்கும். எண் ஏறும், பயனர் கைக்குப் போய்ச் சேர்வது ஏறாது. இதைவிடப் பெரிய இழப்பு, திட்டமிடவே வழியில்லாமல் போவது. கடந்த சில ஸ்பிரிண்ட்களில், அதாவது வேலைச் சுற்றுகளில், உண்மையில் எவ்வளவு முடிந்தது என்று பார்த்து, அடுத்ததற்கு எவ்வளவு எடுக்கலாம் என்று கணிக்கத்தான் அந்த எண். அது பொய்யானால் வெளியீட்டுத் தேதியும் பொய்தான். (ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலைகளை ‘உறுதிமொழி’ என்று சொல்வதை விடுத்து ‘கணிப்பு’ என்று ஸ்கிரம் கையேடு மாற்றியது 2011-இல். இன்னும் பல அலுவலகங்களுக்குச் செய்தி எட்டவில்லை.)

அஜைல் என்றால் திட்டமே வேண்டாம் என்போருக்கு ஒரு வரி: 2001-இல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதைத் திட்டத்துக்கு மேலாக வைத்தது, திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதிலேயே இருக்கிறது.

மதிப்பிடும்போது எல்லோரும் தங்கள் எண் உள்ள சீட்டை ஒரே நேரத்தில் காட்டுங்கள். ஒருவர் 2, மற்றவர் 13 என்றால் சராசரி எடுக்காதீர்கள். அந்த இருவரையும் பேசவிடுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ‘முடிந்தது’ என்றால் என்ன என்று எழுதிவையுங்கள். பாதி முடிந்த வேலைக்குப் பூஜ்யம்தான், பாதி மதிப்பெண் கிடையாது. தினசரி 15 நிமிடக் கூட்டம் குழு தன் நாளைத் திட்டமிட. மேலாளர் வருகைப் பதிவு எடுக்க அல்ல.

புதிதாகச் சேர்ந்தவர்களே, தெரியாத வேலைக்குத் துணிந்து ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். “எனக்கு இது புரியவில்லை” என்று அந்த அறையிலேயே சொல்லுங்கள். மேலாளர்களே, அப்படிச் சொல்பவரைத் தயவுசெய்து முறைக்காதீர்கள். அந்த அட்டவணையிலிருந்து சிவப்பு வண்ணத்தையும் இன்றே எடுத்துவிடுங்கள்.