கிளிஃப்ஹேங்கர்: அந்தரத்தில் நிற்கும் முடிவு

அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் சீசன் முடிந்த அன்று ரசிகர்கள் பேச்சில் அதிகம் அடிபடும் சொல் கிளிஃப்ஹேங்கர். கதை பாதியில் நின்றாலும் இதே சொல், முடிவு புரியாவிட்டாலும் இதே சொல், பிடிக்காவிட்டாலும் இதே சொல். அப்படிப் புழங்கிப் புழங்கி அதன் பொருள் கலங்கிப்போயிருக்கிறது.

பாத்திரம் ஒன்று ஆபத்தின் உச்சத்திலோ மீள முடியாத ஒரு செயலின் நடுவிலோ இருக்கும்போது, விளைவைக் காட்டாமல் கதையை நிறுத்துவதே கிளிஃப்ஹேங்கர். இதற்கு மூன்று அம்சங்கள் கட்டாயம் வேண்டும்: ஆபத்து ஏற்கெனவே தொடங்கியிருக்க வேண்டும், பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒரே வரியில் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்கான விடை அடுத்த பகுதியில் வரும் என்ற வாக்குறுதி இருக்க வேண்டும்.

1990 ஜூன் 18 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். விண்கப்பலின் கேப்டன் பிக்கார்டை, பாதி உயிரும் பாதி இயந்திரமுமான போர்க் என்ற வேற்றுக்கிரக இனம் பிடித்துத் தன்னில் ஒருவராக மாற்றிவிடுகிறது. பாதி முகம் இயந்திரமாகிப்போன அவர் திரையில் தோன்றிச் சரணடையச் சொல்கிறார். அவருக்குக் கீழே பணியாற்றிய ரைக்கர், அவர் இருக்கும் கப்பலையே சுட உத்தரவிடுகிறார். அத்தோடு திரை இருள்கிறது. சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை செப்டம்பர் 24 அன்றுதான் கிடைத்தது; இடையில் பதினான்கு வாரங்கள். பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரை விட்டே போகிறாரோ என்ற ஐயமும் சேர்ந்துகொண்டதால் அந்தக் கோடை முழுக்க ரசிகர்கள் வாதாடித் தீர்த்தார்கள். அதை எழுதிய மைக்கேல் பில்லருக்கே மறுபாதி எப்படிப் போகும் என்று அப்போது தெரியாது. இருந்தும் விடை ஏமாற்றவில்லை. ஆயுதம் பலிக்காமல் போகிறது, காரணம் பிக்கார்டுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது போர்க்குக்கும் தெரியும். ஆபத்துக்குள்ளேயே விடையின் விதை இருந்தது.

விடையே வராது என்று தெரிந்து, பார்ப்பவரே முடித்துக்கொள்ளும்படி விடுவது திறந்த முடிவு. அதுவரை நம்பியதைத் தலைகீழாக்குவது திருப்பம். தொடர் ரத்தானதால் நிற்பது அறுபட்ட முடிவு. 'ஃபார்ஸ்கேப்' நான்காம் சீசனின் இறுதி அமெரிக்காவில் 2003 மார்ச்சில் வந்தபோது அடுத்த சீசன் ஏற்கெனவே ரத்தாகியிருந்தது. படகில் இருந்த நாயகனும் நாயகியும் துகள்களாகச் சிதற, 'தொடரும்' என்ற வாசகத்தோடு கதை நின்றது. கிளிஃப்ஹேங்கராக எழுதப்பட்டது அறுபட்ட முடிவாகிவிட்டது. ரசிகர்கள் விடாமல் இயக்கம் நடத்தினார்கள். 2004 அக்டோபரில் இரு பகுதிக் குறுந்தொடர் வந்த பிறகே அது மறுபடி கிளிஃப்ஹேங்கர் ஆனது.

பெயர் வந்த வழிக்கு வருவோம். 1872–73இல் ஓர் ஆங்கில மாத இதழில் வந்த தாமஸ் ஹார்டியின் தொடர்கதையில், நைட் என்பவர் கடலோரச் செங்குத்துப் பாறையில் தொங்குகிறார். கண்ணெதிரே பாறையில் புதைந்த, டிரைலோபைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம்; கோடிக்கணக்கான ஆண்டுகள் அவர் மனத்தில் ஓடுகின்றன. சொல்லே இங்கிருந்துதான் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். உத்திக்கு அது முன்னோடி என்பது சரி. ஆனால் சொல் பரவியது 1930களின் அமெரிக்காவில், வாரம் ஓர் அத்தியாயமாகத் திரையரங்குகளில் ஓடிய படத்தொடர்களைக் குறிக்கத்தான். 13 அத்தியாயங்கள் கொண்ட அறிவியல் புனைவான 'ஃப்ளாஷ் கார்டன்' (1936) அவற்றில் ஒன்று. ஆகவே இந்தச் சொல்லுக்கும் அறிவியல் புனைவுக்கும் தொடக்கத்திலேயே உறவு உண்டு.

அந்தப் படத்தொடர்களின் கள்ளத்தனமும் அப்போதே தொடங்கிவிட்டது. இந்த வாரம் வண்டி நாயகனோடு பள்ளத்தில் விழும். அடுத்த வாரம் அதே காட்சியில், விழுவதற்கு முன் அவர் வெளியே குதிக்கும் ஒரு துண்டு புதிதாக இருக்கும். இன்றைய தொடர்களில் அந்த வேலையைக் காலப்பயணமும் நகல் உடலும் இணைப் பிரபஞ்சமும் செய்கின்றன. இந்த வகைப் புனைவின் ரசிகர்கள் சீசன் இறுதியை மற்றவர்களைவிடக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. யார் செத்தாலும் மீட்க வழி இருக்கும் உலகில், அந்த வழியை முன்கூட்டியே காட்டாமல் கடைசியில் எடுத்து நீட்டினால், காத்திருந்த மாதங்கள் வீண்.

தமிழில் என்ன சொல்வது? 'பாறைத் தொங்கல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. 'சஸ்பென்ஸ்' கதை முழுக்க இருக்கலாம், இறுதியை மட்டும் குறிக்காது. 'கொக்கி' தொடர்கதை எழுதுகிறவர்கள் புழங்கும் நல்ல சொல், ஆனால் தொடக்கத்தில் வாசகரை இழுப்பதற்கும் அதுவே பெயர். 'தொக்கி நிற்கும் முடிவு' என்பதும் பொருந்தாது. தொக்கி நிற்பது வெளிப்படாமல் மறைந்து நிற்பது, இங்கோ கேள்வி பட்டவர்த்தனமாக இருக்கிறது.

'அந்தர முடிவு' பொருத்தமானது. 'அந்தரத்துல விட்டுட்டாங்க' என்று பேச்சில் ஏற்கெனவே சொல்கிறோம். தரைக்கும் வானுக்கும் நடுவே பிடிப்பின்றி நிற்கும் நிலை அதிலேயே இருக்கிறது. 'அந்தரம்' வடசொல் என்று தயங்குவோர் 'தொங்கு முடிவு' எனலாம். தொங்கு சட்டமன்றம் என்று எழுதிப் பழகியவர்கள்தானே நாம்.

சீசனுக்குப் 'பருவம்' என்பதைச் சிலர் வானிலைச் சொல் என்று ஒதுக்குகிறார்கள். வில்லிபாரதத்தில் கதைப் பகுப்பின் பெயரே பருவம்தான்: ஆதி பருவம், சபா பருவம். கணு, மூட்டு என்ற பொருளும் அதற்கு உண்டு. எனவே சீசன் ஃபினாலே பருவ இறுதி. தொடரே முடிந்துபோனால் தொடர் நிறைவு. 'மூன்றாம் பருவ இறுதி அந்தர முடிவு, நான்காம் பருவத்தின் முதல் பகுதியில் விடை இருக்கிறது' என்று எழுதினால், பார்க்காதவருக்குக் கதை உடையாமலேயே செய்தி போய்ச் சேரும்.