முன் ஃபோர்க்குக்குள் ஒரு சின்ன ஓட்டை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரேக் பிடித்தால் என் பைக்கின் முன்பக்கம் அப்படியே குனிந்துவிடுகிறது. ஆனால் சாலையில் சின்னதாக ஒரு வெட்டு வந்தால் மணிக்கட்டில் சுத்தியால் அடித்த மாதிரி இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று கெட்டியான ஆயில் ஊற்றினேன். குனிவது கொஞ்சம் மெதுவானது, அடி இன்னும் மோசமாகிவிட்டது. என் ஃபோர்க் மென்மையாக இருக்கிறதா, முரடாக இருக்கிறதா? பேசாமல் முழு ஃபோர்க்கையும் மாற்றிவிடலாமா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரே ஃபோர்க் ஒரே பயணத்தில் தொளதொளப்பாகவும் இருக்கிறது, இரும்புக் கம்பி போலவும் இருக்கிறது. முரண்பாடாகத் தோன்றும் இந்த இரண்டு குணங்களுமே உண்மை. குனிவதற்குப் பெரும்பாலும் ஸ்பிரிங் காரணம். கையில் விழும் அடிக்குக் காரணம், ஃபோர்க்கின் அடியில் இருக்கும் சில மில்லிமீட்டர் ஓட்டை.

அமைப்பு தெரிந்ததுதான். சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கால். ஒவ்வொரு காலிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில், அதற்கு மேலே அடைபட்ட காற்று. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆயில், ஸ்பிரிங் எகிறி எகிறி ஆடாமல் அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. ஆயிலால் ஆட்டத்தை அடக்கும் இத்தகைய ஃபோர்க்கை 1935-இலேயே பி.எம்.டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 பைக்குகளில் பொருத்தி விற்றது. அடிப்படை வடிவம் இன்றும் அதேதான்.

முதலில் குனிவதைப் பார்த்துவிடுவோம். பைக்கும் ஆளும் சேர்ந்து 220 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம், இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே 140 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால், பின் சக்கரத்திலிருந்து சுமார் 60 கிலோ முன் சக்கரத்துக்கு மாறுகிறது. இரண்டு ஸ்பிரிங்குகளும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 1.2 கிலோ தாங்குபவை என்றால், அந்த 60 கிலோவுக்கு ஃபோர்க் 50 மி.மீ. இறங்கும். ஆள் ஏறி உட்கார்ந்ததிலேயே 45 மி.மீ. போயிருந்தால், ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தம் 120 மி.மீ. ஓட்டத்தில் மிச்சம் 25 மி.மீ. மட்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால் ஃபோர்க் அடிமுட்டும்.

இங்கே ஆயில் என்ன செய்ய முடியும்? தாமதப்படுத்த முடியும், அவ்வளவுதான். ஓடாமல் நிற்கும் ஆயில் எந்த எடையையும் தாங்காது. எவ்வளவு வேகமாகக் குனியும் என்பது ஆயில் கையில். பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தால் எவ்வளவு தூரம் குனியும் என்பது ஸ்பிரிங்கின் கையில். அதனால்தான் கெட்டி ஆயில் ஊற்றியதும் வாசகரின் பைக் "மெதுவாக" குனிந்தது.

பிரீலோட் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு குழாய்த் துண்டை வைத்து முன்கூட்டியே அழுத்திவைத்தால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிதான்: அடுத்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஸ்பிரிங் கேட்கும் கூடுதல் விசை மாறுவதே இல்லை. பிரீலோட் பைக்கின் உயரத்தைத்தான் மாற்றுகிறது. கடினத்தன்மை வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங்தான் வேண்டும். அதிலும் ஓர் அழகு உண்டு. சுருளின் கடினத்தன்மை கம்பியின் தடிமனுடைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 4.5 மி.மீ. கம்பியை 4.7 ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாதபோதும் ஸ்பிரிங் 19 சதவீதம் கடினமாகிறது. கண்ணால் பார்த்தால் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும் வித்தியாசமே தெரியாது.

சரி, இப்போது ஓட்டைக்கு வருவோம்.

பெரும்பாலான எளிய பைக்குகளின் ஃபோர்க்கில் அடிப்பகுதியிலிருந்து ஓர் உள்ளீடற்ற தண்டு நிற்கும். அதன் பக்கவாட்டில் சில சிறு துளைகள். சக்கரம் மேலே ஏறும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கித் தண்டுக்குள் நுழைய வேண்டும். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அந்தத் தடைதான் தணிப்பு. துளைகளின் அளவு தொழிற்சாலையில் முடிவானது, மாறாது. சிக்கல் முழுவதும் அந்த "மாறாது" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

ஊசியில்லாத ஒரு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்திப் பாருங்கள். தடையே தெரியாது. இப்போது சட்டென்று வேகமாக அழுத்துங்கள். கட்டைவிரல் நோகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடை இரண்டு மடங்காகும் என்றுதான் மனம் எதிர்பார்க்கிறது. உண்மையில் அது நான்கு மடங்காகிறது. ஏன் நான்கு? இரண்டு மடங்கு வேகத்தில் அழுத்தும்போது ஒவ்வொரு நொடியும் இரண்டு மடங்கு திரவம் துளைக்குள் புக வேண்டும். அதே துளைக்குள் அத்தனையும் புக வேண்டுமானால் ஒவ்வொரு துளியும் இரண்டு மடங்கு வேகத்தில் பாய வேண்டும். இரண்டு மடங்கு திரவத்துக்கு, இரண்டு மடங்கு உந்தம். பெருக்கினால் நான்கு. பள்ளிக்கூடத்தில் படித்த பெர்னௌலியின் விதியை இவ்வளவு நேரடியாக விரலில் உணரும் இடம் வேறு எனக்குத் தெரியாது.

இனி எண்களைப் போட்டுப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் 0.3 நொடியில் 60 மி.மீ. இறங்கினால், அதன் வேகம் நொடிக்கு 0.2 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 3 செ.மீ. உயரமுள்ள கூரான விளிம்பில் சக்கரம் ஏறும்போது? 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் அந்த 3 செ.மீ. ஏறி முடிக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 12 மில்லி நொடி. டயர் கொஞ்சம் நசுங்கிக்கொடுத்தாலும் நொடிக்கு 2 மீட்டர் வரை வேகம் வந்துவிடும். பத்து மடங்கு வேகம். அப்படியானால் தடை நூறு மடங்கு.

வாசகர் கேட்ட புதிருக்கு விடை இந்த நூறு மடங்கில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது போதுமான தடை கிடைக்கும்படி துளையைச் சிறிதாக்கினால், சாலை வெட்டில் அதைப்போல் நூறு மடங்கு தடை எழும். அந்த நொடியில் ஃபோர்க்கால் நகரவே முடியாது. அடி நேராக ஹேண்டில்பாருக்கு வந்துவிடும். வெட்டுக்கு ஏற்றபடி துளையைப் பெரிதாக்கினால், மெதுவான அசைவில் தணிப்பே இருக்காது. எந்த ஓர் அளவும் இரண்டுக்கும் பொருந்தாது. தொழிற்சாலை நடுவில் ஏதோ ஓர் அளவை எடுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு தொல்லைகளும் நமக்குக் கிடைக்கின்றன. கெட்டி ஆயில் எல்லா வேகத்திலும் தடையைக் கூட்டுகிறது. ஏற்கெனவே அதிகமாக இருந்த இடத்தில் மேலும் கூட்டியதுதான் வாசகர் உணர்ந்த மோசமான அடி. அதோடு ஃபோர்க் திரும்ப நீள்வதும் மந்தமாகும். அடுத்தடுத்து மேடுகள் வந்தால், முதல் மேட்டிலிருந்து முழுவதும் எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடும். ஃபோர்க் படிப்படியாகக் கீழே இறங்கி, அங்கேயே தங்கிவிடும்.

அப்படியானால் நமக்கு வேண்டியது அழுத்தம் கூடும்போது தானே பெரிதாகும் ஓட்டை. அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் மின்சாரமோ கணினியோ இல்லாமல்.

தணிப்பு வால்வுகளைத் தனிக் குழலுக்குள் அடக்கிய ஒரு கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கை முதன்முதலாகப் பிரித்து அதன் வால்வைக் கையில் எடுத்தபோது நான் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பிஸ்டனில் அகலமான வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளின் வாயை மூடியபடி மெல்லிய எஃகு வட்டத் தகடுகள். ஷிம் என்பார்கள். தடிமன் 0.1 மி.மீ., 0.15 மி.மீ., 0.2 மி.மீ. என்று இருக்கும். பெரிய வட்டத்தின் மேல் கொஞ்சம் சிறிய வட்டம், அதன் மேல் இன்னும் சிறியது என்று கோபுரம் போல அடுக்கி, நடுவில் ஒரு நட்டால் இறுக்கியிருப்பார்கள். விளிம்புகள் மட்டும் சுதந்திரமாக இருக்கும். ஆயில் தள்ளும்போது விளிம்பு வளைகிறது, தலைமுடி அகலத்துக்கு ஓர் இடைவெளி திறக்கிறது. இன்னும் பலமாகத் தள்ளினால் இன்னும் வளைகிறது. மெதுவான அசைவில் தகடு மூடியே இருக்கும். அப்போது ஒரு தனிச் சிறு துளைதான் வேலை செய்யும்.

அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இடைவெளி வளர்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பத்து மடங்கு வேகத்துக்குத் தடை 4.6 மடங்குதான் கூடுகிறது. மாறாத துளையில் அது நூறாக இருந்தது! நிஜ வால்வுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி நாமே தீர்மானிக்கலாம்.

அந்த அடுக்கிலும் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 0.2 மி.மீ. தகடு ஒன்று, 0.1 மி.மீ. தகடுகள் எட்டுக்குச் சமம். இரண்டு மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் தடித்த ஒன்றாக ஆகாது, ஏனென்றால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஆகவே மெல்லிய தகடு ஒன்றைச் சேர்ப்பதும் எடுப்பதும் மிக நுண்மையான மாற்றம். தடிமனை மாற்றுவது பெரிய தாவல். கைதேர்ந்தவர்கள் உட்கார்ந்து தகடுகளை எண்ணுவது இதனால்தான். அமுங்கும்போது ஒரு பக்கத் தகடுகள், நீளும்போது எதிர்ப்பக்கத் தகடுகள் என்று இரண்டையும் தனித்தனியாகவும் அமைக்கலாம்.

எளிய ஃபோர்க் வைத்திருப்பவர் இந்த வசதியை எப்படிப் பெறுவது? ஒரு வழி, பழைய குழாய்களுக்குள்ளேயே இறங்கும் கார்ட்ரிட்ஜ் தொகுதி. அந்த மாடலுக்குச் செய்தது கிடைத்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. இன்னொரு வழி எமுலேட்டர். அந்த உள்ளீடற்ற தண்டின் தலையில் உட்காரும் சின்ன வால்வு இது. முதன்மை ஸ்பிரிங்கே அதை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு தட்டை இன்னொரு குட்டி ஸ்பிரிங் மூடி வைத்திருக்கும், அழுத்தம் வந்தால் தட்டு எழும். ஷிம்மின் அதே கருத்து, எளிமையான உடல். ஆனால் இது வேலை செய்ய, தண்டின் அமுக்கத் துளைகளைப் பெரிதாகத் துளையிட்டு அவற்றின் தடையை ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஓட்டையே இன்னும் ஆட்சி செய்யும். துளையிட்டபின் திரும்பிப் போக வழியில்லை, வேறு தண்டு வாங்கினால்தான் உண்டு. ஃபோர்க் நீளும்போது உள்ள தணிப்பும் பழைய துளைகளிடமும் ஆயிலின் பாகுநிலையிடமும் (கெட்டித்தன்மையிடமும்) தான் இருக்கும்.

ஆயில் பற்றி ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டப்பாவில் 10 டபிள்யூ என்று போட்டிருந்தால் எல்லா நிறுவனத்தின் 10 டபிள்யூவும் ஒன்றுதான் என்று நாம் நம்புகிறோம். அந்த எண் முறை இன்ஜின் ஆயிலுக்கானது. ஃபோர்க் ஆயிலில் ஒருவரின் 10, இன்னொருவரின் 7 போல ஓடலாம். பார்க்க வேண்டியது 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் என்ற பாகுநிலை அளவு. அதைச் சில டப்பாக்களில் தேடினாலும் கிடைக்காது. எந்த விற்பனையாளரையும் சாராத பொது ஆய்வகங்கள் இவற்றை வாங்கி அளந்து எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய ஆராய்ச்சிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளி போதும். "கெட்டி ஆயில்தான் நல்ல சஸ்பென்ஷன்" என்ற நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு, அளந்த எண்கள் எளிதில் கைக்குக் கிடைக்காததும் ஒரு காரணம்.

ஆயிலின் அளவும் முக்கியம். மேலே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங். பாயில் விதிப்படி, அதன் கனஅளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, கடைசி மூன்றில் ஒரு பங்கில் நன்றாக விறைக்கும். அளவுக்கு மீறினால் ஆயில் சீல் பிய்த்துக்கொள்ளும். ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபிறகு, குழாயின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளப்பதுதான் சரியான முறை.

இனி வாசகருக்கு நேரடியாக. முழு ஃபோர்க்கையும் மாற்ற அவசரப்பட வேண்டாம். வேறு பைக்கின் முன்பக்கத்தைக் கொண்டுவந்தால் நீளம், சாய்கோணம், சக்கரம், பிரேக் எல்லாம் சேர்ந்து மாறும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. முதலில் இப்போதிருக்கும் ஆயிலை வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே குழாய்கள் வழுக்கும் புஷ் வளையம் தேய்கிறது என்று பொருள், அதை மாற்றாமல் வேறெதுவும் பயன் தராது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டேகை உள்குழாயில் கட்டி, முன்பக்கத்தைத் தூக்கி ஃபோர்க்கை முழுவதும் நீட்டி, டேகை ஆயில் சீலின் விளிம்போடு ஒட்டி வைத்து, வழக்கமாக ஓட்டும் உடையில் ஏறி உட்காருங்கள். மெதுவாக இறங்கிப் பார்த்தால் டேக் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். மொத்த ஓட்டத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை சரி. பிரீலோடைக் கூட்டியும் அந்த எல்லைக்குள் வரவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். மில்லிமீட்டருக்கு 1.2 கிலோவிலிருந்து 1.7-க்குப் போனால் மேலே சொன்ன 50 மி.மீ. குனிவு 35 ஆகிவிடும். அந்த ஸ்பிரிங்கோடு எமுலேட்டரையோ கார்ட்ரிட்ஜையோ சேர்த்துப் போட்டு, ஆயிலைப் பழைய மெல்லிய பாகுநிலைக்கே திருப்பிவிடுங்கள். எமுலேட்டருக்கோ கார்ட்ரிட்ஜுக்கோ அதன் தயாரிப்பாளர் வேறு பாகுநிலை சொன்னால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கும்போது கவனம்: மேல் மூடி ஸ்பிரிங்கின் விசையில் நிற்கிறது, கடைசி மரையில் முகத்தில் பாயும். மூடியை அழுத்திப் பிடித்தபடியே திருகுங்கள், முகத்தை விலக்கி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது சக்கர அச்சை இறுக்கியபின், அச்சைக் கவ்வும் பக்கவாட்டு போல்ட்டை உடனே இறுக்காமல் முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி எழுப்புங்கள். இரண்டு கால்களும் தங்களுக்குள் இணையாக அமர்ந்துகொள்ளும். பிறகு அந்த போல்ட்டை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கி உராயும், தகடுகளை எவ்வளவு நுணுக்கமாக அடுக்கினாலும் சின்ன மேடுகளில் ஃபோர்க் அசையாது.