அக்ரோஃபோபியா: உயர வெருளியா, உயரக் கூச்சமா?

வானளாவிய கட்டடத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கயிறு எதுவுமின்றி ஒருவர் தொங்கும் காணொளியைப் பார்க்கிறோம். நம் உள்ளங்கை வேர்க்கிறது, அடிவயிறு கலங்குகிறது. இத்தனைக்கும் நாம் இருப்பது தரையில், நாற்காலியில். இந்த உடல் கலக்கத்துக்குப் பலரும் உடனே சூட்டும் பெயர் அக்ரோஃபோபியா. வேறு சிலர் வெர்டிகோ என்பார்கள். இரண்டுமே இங்கே பொருந்தாது. முன்னது உயரத்தைக் கண்டு அளவுமீறி அஞ்சும் மனநலக் கோளாறின் பெயர், பின்னது தலைச்சுற்றல் என்ற நோய்க்குறியின் பெயர். காணொளி பார்த்து வேர்க்கும் கை நலமுள்ள உடலின் கை.

அக்ரோஃபோபியா என்ற சொல்லை 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உருவாக்கியவர் இத்தாலிய மனநல மருத்துவர் ஆந்திரேயா வெர்கா. அவருக்கே அந்தத் தொல்லை இருந்தது. கிரேக்கத்தில் 'அக்ரோஸ்' என்றால் உச்சி, நுனி. உச்சியில் அமைந்த நகர் அக்ரோபோலிஸ். நுனியில் நடப்பவர் அக்ரோபாட், அதாவது கழைக்கூத்தர். அந்தரத்தில் நடப்பவரையும் மாடி விளிம்பில் நடுங்குபவரையும் ஒரே வேர்ச்சொல் ஈன்றிருப்பது எனக்குப் பெரும் வியப்பு. தமிழில் 'அக்ரோஸ்' என்பதற்கு நேரான சொல் நுனி என்றே சொல்வேன். 'நுனிக்கொம்பர் ஏறினார்' என்று தொடங்கும் குறள், மரத்தின் நுனிவரை ஏறிவிட்டவர் அதையும் கடக்க முனைந்தால் உயிருக்கே முடிவு என்கிறது. அது இடம்பெறும் அதிகாரத்தின் பெயர் வலியறிதல்.

'ஃபோபோஸ்' என்ற பின்பாதியைத்தான் நாம் அவசரமாக மொழிபெயர்த்துவிட்டோம். அகராதியில் அச்சம் என்று இருக்கும். ஆனால் ஹோமரின் காவியங்களில் அது போர்க்களத்தில் கலைந்து ஓடுவதைக் குறித்தது. அஞ்சி நிற்பது வேறு, அஞ்சி ஓடுவது வேறு. தமிழில் இந்த ஓட்டத்தையும் உள்ளடக்கிய வினை ஒன்று இருக்கிறது: வெருளுதல். மாடு வெருண்டது என்றால் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பாயத் தொடங்கிவிட்டது என்று பொருள். வயலில் பறவைகளை விரட்ட நிறுத்தும் வைக்கோல் உருவத்துக்கும் வெருளி என்ற பெயர் உண்டு. அந்த உருவத்தால் பறவைக்குத் தீங்கு எதுவும் இல்லை, ஆனாலும் பறவை பறந்தோடுகிறது. கம்பித் தடுப்புக்குள் பாதுகாப்பாக நின்றும் உடல் ஓடத் துடிக்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆகவே, கலைச்சொல் ஆக்குவோர் சிலர் ஏற்கெனவே எழுதிவரும் 'உயர வெருளி' என்பதே அக்ரோஃபோபியாவுக்குச் சரியான தமிழ். 'உயர பயம்' என்ற தளர்ந்த தொடரை விட்டுவிடலாம்.

வெர்டிகோவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லத்தீனில் சுழலுதல் என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்த சொல் அது. தலைச்சுற்றல், கிறுகிறுப்பு என்று தமிழில் பழகிய சொற்களே போதும். அந்தச் சுழற்சி காதின் உட்பகுதியிலிருந்தும் எழலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் ப்ரோஸ்பர் மெனியேர் 1861இல் எடுத்துக்காட்டினார். தரைத்தளத்தில் படுத்திருப்பவருக்கும் வெர்டிகோ வரும்.

அப்படியானால் உயரத்தில் நிற்கும் எல்லோருக்கும் வருகிற அந்தத் தடுமாற்றம் என்ன? நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் இம்மியளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. உட்காதும் உள்ளங்காலும் தசைகளும் அந்த ஆட்டத்தை உணர்கின்றன. கண்ணோ அருகிலுள்ள சுவர், மரம், தூண் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அதை அளக்கிறது. விளிம்பில் நிற்கும்போது பார்வைக்குள் அருகில் எதுவும் இல்லை. மிகத் தொலைவிலுள்ள பொருள், நம் தலை சற்றே அசைந்தால் இடம் மாறியதாகத் தோன்றாது. ஆடுகிறோம் என்று காது சொல்ல, இல்லை என்று கண் மறுக்க, உடல் குழம்பி இன்னும் அதிகமாக ஆடுகிறது. அருகிலுள்ள ஒரு நிலையான பொருளைப் பார்த்தாலோ, கைப்பிடியைப் பற்றினாலோ, உட்கார்ந்துவிட்டாலோ தடுமாற்றம் தணிவது இதனால்தான். கீழே பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

விழுவதற்கு எதிரான எச்சரிக்கை நம்மிடம் மிக முன்பே தொடங்கிவிடுகிறது. பிறந்த குழந்தையின் தலை சட்டெனச் சற்றுச் சரிந்தால் அது கைகளை விரித்து, பிறகு அணைப்பதுபோல் உள்ளிழுக்கும். மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோவின் பெயரால் அறியப்படும் இந்த அனிச்சைச் செயல் சில மாதங்களில் மறைந்துவிடும். உளவியலாளர்கள் எலனோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்ட ஆய்வில், தவழும் குழந்தைகளைக் கண்ணாடிப் பரப்பின் மேல் விட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரிந்த பக்கம், அம்மா அழைத்தும் பெரும்பாலான குழந்தைகள் போகவில்லை. தவழ்ந்த அனுபவம் கூடக் கூட இந்தத் தயக்கம் வலுப்படுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, இதில் பிறப்பின் பங்கும் உண்டு, பழக்கத்தின் பங்கும் உண்டு.

இந்த இயல்பான எச்சரிக்கைக்கு நான் முன்வைக்கும் சொல் 'உயரக் கூச்சம்'. இது செயற்கையாக ஆக்கிய சொல் அல்ல. உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் 'கால் கூசுகிறது' என்று இயல்பாகவே சொல்கிறார்கள். வெளிச்சத்தில் கண் கூசும், புளிப்பில் பல் கூசும், உயரத்தில் உள்ளங்கால் கூசும். உறுப்பு தானாகச் சுருங்கிப் பின்வாங்குவதே கூசுதல். மனம் முடிவெடுக்கும் முன்பே உடல் பின்வாங்கிவிடுகிறது. கூச்சம் என்றால் இன்று வெட்கம்தானே நினைவுக்கு வரும் என்று சிலர் தடை சொல்லலாம். பல்கூச்சம் என்று படிக்கும்போது பல் வெட்கப்படுவதாக யாரும் எண்ணுவதில்லையே!

சாகச ஏற்றக்காரர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாதா? 2017 ஜூன் 3 அன்று பாறையேறுநர் அலெக்ஸ் ஹானல்ட், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலுள்ள எல் கேப்பிட்டன் பாறையை, ஏறத்தாழ 900 மீட்டரை, கயிறின்றி நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். இவ்வகை ஏற்றத்துக்கு 'ஃப்ரீ சோலோ' என்று பெயர். மேலே இழுத்துச் செல்லும் துணைக்கருவி இல்லாமல் கைகால்களால் மட்டும் ஏறுவதையே அதிலுள்ள 'ஃப்ரீ' குறிக்கிறது என்பதால், 'சுதந்திர ஏற்றம்' என்ற மொழிபெயர்ப்பு வழி தவறச் செய்யும். 'கயிறில்லாத் தனியேற்றம்' என்பது தெளிவானது. அவருடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வாளர்கள், பிறருடைய அமிக்டலாவை, அதாவது அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப்பகுதியை, கிளர்த்தும் படங்கள் அவருடையதை அசைக்கவில்லை என்று கண்டார்கள். அதைக்கொண்டு அவரை அச்சமே அறியாதவர் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. அதே பாறையில் கயிற்றோடு பலமுறை ஏறி, ஒவ்வொரு பிடியையும் மனப்பாடம் செய்தவர் அவர். முந்தைய ஆண்டு ஒருமுறை ஏறத் தொடங்கி, சரியாகப் படவில்லை என்று பாதியில் திரும்பியும் இருக்கிறார். அவரும் மற்ற ஏறுநர்களும் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். வேர்க்கும் கைக்காகத்தான் அது. தன்படம் எடுப்பதற்காக ஒத்திகையின்றி மாடி விளிம்பில் தொங்குபவர்களை இவரோடு ஒரே வரிசையில் வைத்து 'சாகசக்காரர்கள்' என்பது இருவகையினரையும் தவறாகக் காட்டுகிறது.

இரு சொற்களையும் பிரித்துப் பயன்படுத்துவதில் ஒரு நடைமுறைத் தேவையும் இருக்கிறது. உயரக் கூச்சத்துக்கு மருத்துவம் தேவையில்லை. உயர வெருளி உள்ளவரோ பாலத்தைக் கடக்க மாட்டார், மேல்தளத்தில் கிடைத்த வேலையை மறுப்பார், ஏணியைக் கண்டாலே விலகுவார். அவருக்குத் தேர்ந்த உளவியலாளரின் துணையோடு, சிறிய உயரத்திலிருந்து படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. மெய்நிகர் காட்சிகளைக் கொண்டு பழக்கும் முறையை 1990களிலேயே முதன்முதலில் சோதித்துப் பார்த்த கோளாறுகளில் இதுவும் ஒன்று.