மணக்காத ரெசின்தான் தோலைப் பதம் பார்க்கிறது

வீட்டிலேயே சர்ஃப் பலகை செய்பவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் கண்ணிமையைத்தான் முதலில் காட்டுகிறார்கள். காலையில் எழுந்தால் இமை தடித்துச் சிவந்திருக்கிறது, அரிக்கிறது, இரண்டு மூன்று நாளில் தோல் உரிகிறது. உப்புநீர் ஒத்துக்கொள்ளவில்லை, வெயிலுக்குப் பூசும் கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தை அவர்களே கையோடு கொண்டுவருவார்கள். நான் முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றச் சொல்வேன். மணிக்கட்டில், கையுறை முடிகிற இடத்தில், பட்டையாக ஒரு சிவப்பு. விரல் இடுக்குகளில் பொடிப்பொடியாய் நீர்க்கொப்புளங்கள். "எபாக்சி கலக்குகிறீர்களா?" என்று கேட்டால், "ஆமாம், ஆனால் அதில் வாடையே கிடையாதே டாக்டர்" என்று பதில் வரும்.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எபாக்சி என்பது பலகையின் உள்ளிருக்கும் நுரைக்கட்டைமேல் கண்ணாடி இழையைச் சுற்றிப் பூசும் ஒரு ரெசின், அதாவது ஹார்டனர் என்னும் இறுக்கியோடு கலந்தால் கெட்டியாகிவிடும் பிசின். நான் தோல் மருத்துவர். தொழில்சார் தோல் நோய்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தொழிற்சாலையில் ரெசினோடு புழங்குபவருக்குக் காற்றோட்டக் கருவி உண்டு, பயிற்சி உண்டு, ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. வீட்டின் கார் ஷெட்டில் விடுமுறை நாளில் அதே ரெசினைக் கலக்குபவருக்கு இவற்றில் எதுவுமே இல்லை. தன் கையால் இழைத்த பலகையில் ஏறி அலை பிடிப்பது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பதை அவர்கள் முகத்திலேயே பார்க்கிறேன். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இன்னும் இருபது ஆண்டுகள் அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் வாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பலகை என்றால் பாலியூரித்தேன் நுரைக்கட்டையும் பாலியெஸ்டர் ரெசினும்தான். அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரைக்கட்டை கொடுத்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென மூடப்பட்டது. அதன்பின் இபிஎஸ் என்னும் வெள்ளை நுரைக்கு, அதாவது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளுக்கு, மவுசு கூடியது. தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால், அதிலுள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதனால் தெர்மாகோல் பலகைக்கு எபாக்சியைத் தவிர வழியில்லை. பாலியெஸ்டர் டப்பாவைத் திறந்த உடனே ஸ்டைரீன் வாடை மூக்கைத் துளைக்கும். யாரும் சொல்லாமலேயே கதவைத் திறந்துவைப்போம், முகக்கவசத்தைத் தேடுவோம். ஸ்டைரீன் அவ்வளவு சாதுவான பொருளும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. ஆனால் அது தன் வருகையைத் தானே அறிவித்துவிடுகிறது. எபாக்சி சத்தமில்லாமல் வரும். அது எளிதில் ஆவியாகாது. மூக்குக்கு ஒன்றும் தெரியாது. வாடை இல்லை என்பதால் கையுறையும் இல்லாமல், கதவையும் சாத்திக்கொண்டு வேலை நடக்கிறது.

எபாக்சி ரெசினின் மூலக்கூறு சிறியது. தோலுக்குள் ஊடுருவி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியன் என்று குறித்துவைத்துக்கொள்கின்றன. இந்தக் குறிப்பு எழுதப்படும் காலத்தில் வெளியில் எதுவுமே தெரியாது. சிலருக்குச் சில வாரங்களில் நடக்கும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நடக்கும். ஒருமுறை எழுதிவிட்டால் வாழ்நாள் முழுதும் அழியாது. அதன்பின் மிகச் சிறிய அளவு போதும். ஒரு துளி, பறக்கும் தூசி, ரெசின் பட்ட கதவுக் கைப்பிடி எதுவானாலும் ஒன்றிரண்டு நாளில் தோல் பொங்கிவிடும். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால் காற்றில் வரும் தூசியும், கையால் கண்ணைத் தேய்ப்பதும் அங்கேதான் முதலில் தெரியும். ஹார்டனரில் உள்ள அமீன்கள் என்னும் வேதிப்பொருள்களும் ஒவ்வாமையைத் தூண்டுபவை. சில நேரடியாகத் தோலைப் புண்ணாக்கவும் செய்யும். தாவரத்திலிருந்து எடுத்தது, சூழலுக்கு உகந்தது என்று டப்பாவில் போட்டிருந்தாலும், எபாக்சி எபாக்சிதான். அந்தச் சொற்கள் உங்கள் தோலைப் பற்றி எழுதப்பட்டவை அல்ல.

ஃபாயில் பலகை செய்பவர்களிடம் நான் இன்னும் கூடுதலாகப் பேசுவேன். பலகையின் அடியில் ஒரு தண்டு, அதன் நுனியில் விமான இறக்கை போன்ற அமைப்பு. வேகம் எடுத்ததும் அது பலகையையும் ஆளையும் நீருக்கு மேலே தூக்கிவிடும். ஆளின் எடையும் திருப்பத்தின் முறுக்கும் தண்டு பொருத்தும் அந்த ஒரு கையகல இடத்தில் வந்து இறங்குகின்றன. அங்கே 90 மி.மீ. இடைவெளியில், தண்டைத் திருகி மாட்டுவதற்கான இரண்டு தடங்கள் பதிக்க வேண்டும். அவற்றைச் சுற்றி அடர்த்தியான நுரைக் கட்டை, மேலும் கீழும் கூடுதல் கண்ணாடி இழை, கார்பன் இழை, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த, நுண்பொடி சேர்த்துக் குழம்பாக்கிய எபாக்சி. சாதாரணப் பலகையை விட ரெசினோடு புழங்கும் நேரம் இதில் அதிகம், தேய்க்கும் நேரம் அதிகம், தூசியும் அதிகம். அந்த நுண்பொடியும் டப்பாவைச் சாய்த்த உடனே புகைபோல எழும்பும். அந்த நேரத்திலேயே முகக்கவசம் முகத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது கலவை விகிதம். பலகை செய்பவர்கள் இதைப் பலகையின் உறுதி பற்றிய விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இது தோல் பற்றிய விஷயமும்கூட. பாலியெஸ்டரை இறுகவைக்கச் சேர்க்கும் ஒன்றிரண்டு சதவீதம் ஊக்கியைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். அந்தப் பழக்கத்தில் எபாக்சியிலும் ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாக விடுகிறார்கள், சீக்கிரம் இறுகட்டும் என்று. எபாக்சியில் ஒவ்வொரு ரெசின் மூலக்கூறும் தன் ஹார்டனர் இணையைத் தேடிப் பிணைகிறது. எந்தப் பக்கம் மிஞ்சினாலும் அது பிணையாமல், பலகையின் மேற்பரப்பிலும் தூசியிலும் அப்படியே கிடக்கும். விகிதம் தப்பிய பலகையை எத்தனை நாள் உலர வைத்தாலும் அது பிசுபிசுக்கும், தொடும்போதெல்லாம் தோலைத் தொந்தரவு செய்யும். தராசு வைத்து எடை பாருங்கள். எடை விகிதமும் கன அளவு விகிதமும் வேறு வேறு என்பதை டப்பாவில் சரிபாருங்கள். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள்.

சரியாகக் கலந்த எபாக்சியும் உடனே சாதுவாகிவிடாது. ஒரு நாளில் கெட்டியாகத் தெரியும். முழுதாக இறுகப் பல வகைகளுக்கு ஒரு வாரம் வரை ஆகும், குளிர்ந்த அறையில் இன்னும் கூடும். அவசரக்காரர் மறுநாள் காலையிலேயே தேய்க்கத் தொடங்குகிறார். என்னிடம் வரும் இமை வீக்கங்களில் பலவற்றுக்குப் பின்னால் இந்த மறுநாள் காலைதான் இருக்கிறது. பச்சையாக இருக்கிறதா என்று அறிய உப்புத்தாளையே பாருங்கள். முழுதாக இறுகிய ரெசின் வெள்ளைப் பொடியாக உதிரும், தாளைத் தட்டினால் கொட்டிவிடும். பச்சை ரெசின் உருண்டை உருண்டையாகத் திரண்டு தாளின் மணல்களுக்கிடையே அப்பிக்கொள்ளும். விரலால் தொட்டால் மெழுகு போல வழுக்கும். அந்த உருண்டையைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, சில எபாக்சிகள் இறுகும்போது மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று வரும். காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் அமீன் சேர்ந்து உண்டாவது. அதன் மேலேயே உப்புத்தாளை ஓட்டினால் அமீன் தூசியாகிப் பறக்கும். வெறும் தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் போதும், கையுறையோடு முதலில் அதைக் கழுவிவிட்டுப் பிறகு தேய்க்கலாம். முடிந்தால் ஈரத்தோடே தேய்ப்பது இன்னும் நல்லது.

எல்லா அரிப்பும் ஒவ்வாமை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையும் கார்பன் இழையும் ஒடிந்து தோலில் குத்துவதால் வரும் அரிப்பு, வேலை நடக்கும்போதே தொடங்கும். குளித்தபின் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வாமை அன்று மாலை வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து வரும், நாள்கணக்கில் நீடிக்கும், அடுத்த பலகையின்போது முன்பைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும், பாதி நோயறிதலை நீங்களே செய்துவிடுவீர்கள். (கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும், தேய்ப்பு இயந்திரத்துக்குள் போனால் அதைக் குறுக்குச்சுற்றாக்கும். அது என் துறை அல்ல, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.)

கையுறை போட்டிருந்தேனே என்று வருத்தப்படுபவர்களுக்கு: ரப்பர் பால் கையுறை எபாக்சியை நிறுத்தாது. மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டும்தான். அதில் ரெசின் பட்டதும் கழற்றிப் போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிந்து, மேலுள்ளது அழுக்கானதும் உரித்துவிட்டுப் புதியதைப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். நீண்ட நேர வேலைக்குத் தடித்த நைட்ரைல் அல்லது பியூட்டைல் கையுறை வேண்டும். கையுறையின் விளிம்பு சட்டைக் கைக்கு மேலே ஏறியிருக்கட்டும். மணிக்கட்டில் நான் பார்க்கும் அந்தச் சிவப்புப் பட்டை, விளிம்பில் வழிந்து உள்ளே போன ரெசினின் கைவேலை. அழுக்குக் கையுறையோடு கைப்பேசியைத் தொடாதீர்கள், முகத்தைச் சொறியாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: தோலில் பட்ட ரெசினை அசிட்டோனாலோ தின்னராலோ துடைக்கவே கூடாது. அது தோலின் எண்ணெய்க் காப்பை நீக்கி, ரெசினுக்கு உள்ளே போக வழி செய்து கொடுக்கிறது. அசிட்டோன் பட்டால் மெல்லிய நைட்ரைல் கையுறையும் சில நிமிடங்களில் ஊடுருவப்பட்டுவிடும். காகிதத்தால் வழித்துவிட்டு, சோப்பும் தண்ணீரும், அல்லது பட்டறைக் கைகழுவும் கிரீமும் போதும்.

தூசிக்கும் ஆவிக்கும் ஒரே முகக்கவசம் போதாது. எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை தூசியை நிறுத்தும். ஸ்டைரீன் ஆவியை நிறுத்தக் கரிம ஆவி வடிகட்டி வேண்டும், அதுவும் வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் மூடி வைத்தால்தான் நீடிக்கும். தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு ஒட்டாது. சூடான கம்பியால் வெட்டுவது தெர்மாகோலுக்கு மட்டுமே, அதுவும் வெளிக்காற்றில். பாலியூரித்தேன் நுரையைச் சூட்டுக்கம்பியால் வெட்டினால் ஐசோசயனேட், ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சுப் பொருள்கள் வெளிவரும். அதை ரம்பத்தாலும் பிளேனராலும்தான் வெட்ட வேண்டும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பளபளப்புப் பூச்சிலும் ஐசோசயனேட்தான் இருக்கிறது. நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடிய அந்தத் தெளிப்பு வேலையைத் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள்.

பாலியெஸ்டர் பயன்படுத்துபவர்களிடம் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எம்இகேபி என்னும் அந்த ஊக்கி கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் கருவிழியை நிரந்தரமாகக் கெடுக்க முடியும். பாதுகாப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் அந்தக் குப்பியின் மூடியைத் திறக்க வேண்டும். பட்டுவிட்டால் அந்த நொடியிலேயே ஓடும் தண்ணீரில் கழுவத் தொடங்கி, குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, பிறகு மருத்துவமனைக்குப் போகலாம். தண்ணீர்க் குழாய் இல்லாத இடத்தில் அந்தக் குப்பிக்கும் இடமில்லை.

தீக்காயங்களும் பார்க்கிறேன். எபாக்சி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். பலகையில் மெல்லிசாகப் பரவியிருந்தால் அது ஆறிவிடும். கோப்பையில் மொத்தமாக நின்றால் ஒன்றையொன்று சூடேற்றிப் புகையத் தொடங்கும், பிளாஸ்டிக் கோப்பை கையிலேயே உருகும். மிஞ்சியதை அகலமான தட்டில் ஊற்றி வெளியே வையுங்கள். தடம் பதிக்கும் ஆழமான பள்ளத்தையும் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. சுமார் 80 டிகிரியைத் தாண்டினாலே தெர்மாகோல் தளரத் தொடங்கிவிடும், பலகையும் கெடும்.

பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தால், ஆபத்து உங்களோடு நிற்காது. வேலை உடையோடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும்பும். நுண்தூசி வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுங்கள்.

அரிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் முதலில் ரெசினைத் தொடுவதை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டே அடுத்த பலகையைத் தொடங்குபவர்கள்தான் மிக மோசமான நிலையில் என்னிடம் வருகிறார்கள். ரெசினுக்கும் ஹார்டனருக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாளை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய் ஒட்டுப் பரிசோதனை கேளுங்கள். முதுகில் சிறு அளவுகளை ஒட்டி, 48 மணி நேரம் வைத்து, பிறகு ஓரிரு நாள் இடைவெளியில் மறுபடியும் பார்ப்போம். வழக்கமான பரிசோதனைத் தொகுப்பில் எபாக்சி ரெசின் இருக்கும்; உங்கள் டப்பாவில் உள்ள குறிப்பிட்ட ஹார்டனரோ நீர்க்கச் செய்யும் பொருளோ பெரும்பாலும் இருக்காது. அந்தத் தாள் இருந்தால்தான் எதைக் கூடுதலாகச் சேர்ப்பது என்று மருத்துவருக்குத் தெரியும். வீட்டில் நீங்களே ஒரு துளி ரெசினைத் தடவிப் பார்ப்பது பரிசோதனை அல்ல. இல்லாத ஒவ்வாமையையும் அது உண்டாக்கிவிடலாம்.

முடிவு எபாக்சி ஒவ்வாமை என்று வந்தால், இனி ரெசின் பக்கம் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், கையுறையோடும் வேண்டாம். ஆனால் நுரைக்கட்டையை இழைத்து வளைவு கொடுப்பதும், விளிம்பை உருட்டி எடுப்பதும், தடம் எங்கே வர வேண்டும் என்று கணக்கிட்டுக் குறிப்பதும் அவர்களால் தூசிக் கவசத்தோடு தொடர்ந்து செய்யக்கூடியவை. இழை சுற்றி ரெசின் பூசுவதை முறையான காற்றோட்டம் உள்ள ஒரு பட்டறையிடம் கொடுத்துவிட்டு, முழுதாக இறுகி, கழுவித் தேய்த்து முடித்த பலகையை வாங்கிக்கொள்ளலாம். என்னிடம் சிகிச்சை பெறும் சிலர் இப்போது இப்படித்தான் பலகை செய்துகொண்டிருக்கிறார்கள்.