சுளுக்கு

வன்னியில் ‘சுளுக்கு’ என்று பெயர் வாங்காத நோ குறைவு. விடிய எழும்பிக் கழுத்தைத் திருப்ப ஏலாவிட்டால் கழுத்துச் சுளுக்கு. நெல் மூட்டையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது இடுப்பில் பிடித்தால் அதுவும் சுளுக்கு. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓடுகிற பொடியன் பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு குந்தினாலும், கரப்பந்து வலையடியில் எம்பி விழுந்தவனுக்குக் கால் பிரண்டாலும் திடலோரத்தில் கேட்கிற சொல் ஒன்றுதான்: “சுளுக்கீட்டுது.”

வீட்டுப் பேச்சுக்கு இது போதும். விளையாட்டு மருத்துவத்துக்குப் போதாது. அங்கே இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதுக்கு மட்டுமே ‘ஸ்ப்ரெயின்’ என்று பெயர். நாம் அதற்கு நேரான சொல்லாகச் சுளுக்கை வைத்துக்கொண்டால், மற்ற மூன்றையும் அதிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் ஊர். இது கடன் வாங்கிய சொல் அல்ல. ‘உளுக்கு’ என்ற வடிவமும் இதே பொருளில் தமிழில் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் உளுக்குத்தான் வழக்கு. கன்னடத்திலும் அதற்கு மிக நெருங்கிய வடிவமே இருக்கிறது. சொல்லின் முதலில் நிற்கும் சகரம் உதிர்ந்துபோவது திராவிட மொழிகளில் புதிதல்ல. சிறகு–இறகு, சிப்பி–இப்பி என்று தமிழுக்குள்ளேயே சோடிகள் கிடக்கின்றன. முகம் ‘சுளிப்பதோடு’ சுளுக்கைச் சேர்த்துப் பார்க்க மனம் இழுக்கும். நோ வந்தால் முகம் சுளிக்கும் என்பதால் பொருளும் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் அயல்மொழிகளில் நிற்கும் உளுக்குக்கு அது விளக்கம் தராது. ஆகவே அந்த உறவை நான் நம்பவில்லை.

‘பிரளுதல்’ எங்கள் பக்கத்தில் இதற்குத் துணையாக வரும் சொல். புரளுதல்தான் வாயில் பிரளுதல் ஆயிற்று. “கால் பிரண்டு சுளுக்கீட்டுது” என்று ஒருவர் சொல்லும்போது உண்மையில் இரண்டு செய்தி சொல்கிறார். பாதம் உட்பக்கமாகத் திரும்பியது, அது காயம் வந்த விதம். சுளுக்கியது, அது காயம். ஆய்வாளர்கள் காயப் பதிவேட்டில் இந்த இரண்டுக்கும் வேறுவேறு கட்டம் போடுவார்கள். எப்படி நடந்தது என்று தெரியாமல் தடுக்கிற வழியைத் தேட முடியாதல்லவா. அந்த வேறுபாடு எங்கள் ஆட்களின் பேச்சில் முன்பே இருக்கிறது.

சரி, சுளுக்கில் நடப்பது என்ன? எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார் அளவுக்கு மேல் இழுபடுகிறது, சிலவேளை கிழிகிறது. கணுக்காலில் அடிக்கடி அகப்படுவது கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மொளியிலிருந்து முன்னோக்கிப் போகும் ஒரு சின்ன நார், ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளம். விரல்நுனி கீழே பார்த்தபடி பாதம் தொங்கும்போது இந்த நார் ஏற்கெனவே இறுகி நிற்கும். எம்பிக் குதித்தவர் தரைக்கு வருவது அந்த நிலையில்தான். அந்த நேரம் பாதம் உள்ளே திரும்பினால் முழுச் சுமையும் அதன் மேல். நார் இழுபட்டதோடு நின்றால் முதலாம் தரம், பாதி கிழிந்தால் இரண்டாம் தரம், முழுக்க அறுந்தால் மூன்றாம் தரம்.

தசையோ, தசையை எலும்போடு பிணைக்கும் நாணோ இழுபட்டுக் கிழிந்தால் அது வேறு காயம், ‘ஸ்ட்ரெயின்’. தொடையைப் பிடித்துக்கொண்டு குந்திய ஓட்டக்காரனுக்கு நடந்தது இது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஓரெழுத்து வித்தியாசத்தில் நிற்பதால் அந்த மொழிக்காரரே மாறிமாறிச் சொல்வதுண்டு. நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை. மூட்டில் நடந்தால் சுளுக்கு. தசையில் நடந்தால் தசைக் கிழிவு. கிழிவு என்றால் பயமாக இருக்கிறது, ‘பிடிப்பு’ என்று சொல்லலாமே என்பார்கள். பிடிப்பு என்ற சொல்லை நம்பித்தான் பிள்ளைகள் அடுத்த கிழமையே மறுபடி ஓடப்போகிறார்கள். கெண்டைக்கால் கல்லாகி இழுப்பது மூன்றாவது வகை. அதில் எதுவும் கிழிவதில்லை, அது தசை இழுப்பு. அகராதியில் அதற்குக் ‘குரக்குவலி’ என்று அழகான பெயர் இருக்கிறது. மூட்டே இடம் மாறினால் அது விலகல்.

இதிலெல்லாம் பெரிய சிக்கல் ‘நரம்பு’தான். “நரம்பு ஏறீட்டுது, பரியாரியாரிட்ட உருவி விட்டாச் சரிவரும்” என்று அம்மம்மா சொன்னால், அவர் சொல்லும் நரம்பு பாடநூல் நரம்பு அல்ல. பழந்தமிழில் யாழுக்குக் கட்டிய தந்தியும் நரம்பு, உடம்பில் விறைத்து நிற்கும் நாரும் நரம்பு. மூளைக்குச் செய்தி கொண்டுபோவதற்கு அந்தப் பெயர் நிலைத்தது பிறகுதான். கிரேக்கத்திலும் ‘நியூரோன்’ முதலில் நாரையும் வில்நாணையும்தான் குறித்தது என்பதால் இது நம்முடைய அறியாமை என்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் ஒன்று: நார் ஏறவும் இல்லை, விலகவும் இல்லை, கிழிந்திருக்கிறது. ஏறியதென்று நினைத்தால் கை தானாக இழுத்து உருவத்தான் போகும். கிழிந்ததென்று தெரிந்தால் அன்றைக்கே நோவெண்ணெய் போட்டு அழுத்தி நீவ மனம் வராது. முதல் இரண்டு மூன்று நாள் சூடும் நீவலும் உள்ளே இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும் என்பதே மருத்துவம் சொல்வது. முறிவு நெரிவு வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டும் மூலிகைப் பத்தும் எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கின்றன. இழுத்து உருவுவதைப் பற்றித்தான் பேச்சு.

அந்த நாருக்கு என்ன பெயர்? இலங்கைப் பாடநூல் ‘இணையம்’ என்றது. எலும்பை இணைப்பதால் நல்ல பெயர்தான். ஆனால் இப்போது உயர்தர மாணவரிடம் “இணையம் அறுந்து போச்சு” என்றால் கைபேசியில் சிக்னல் பார்ப்பார். தமிழகத்தில் வழங்கும் ‘தசைநார்’ இன்னும் மோசம். தசைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. ‘மூட்டுநார்’ என்று எழுதினால் சொல்லும் புரியும், இடமும் தெரியும். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

விளையாட்டுப் பக்கங்களில் வரும் ‘உபாதை’யையும் ஒருமுறை பார்க்க வேண்டும். “உபாதை காரணமாக அணியிலிருந்து விலகினார்” என்று படிக்கும்போது, ‘இயற்கை உபாதை’ ஞாபகத்துக்கு வராதவர் யார்? காயம் என்று எழுதினால் இரத்தம் தெரிய வேண்டும் என்று நினைத்து இதைப் பிடித்திருக்கிறார்கள் போலும். உட்காயமும் காயம்தான்.

இனி ஆய்வு. இலங்கையின் தேசிய விளையாட்டு 1991 முதல் கரப்பந்து. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எந்த ஊருக்குள் போனாலும் ஒரு வலை கட்டியிருக்கும். மாரியில் மாடு மிதித்த குழி கோடையில் காய்ந்து இறுகிப்போன கிரவல் தரை, அதன்மேல் சுண்ணாம்புக் கோடு. கால் பிரளக் குழியே போதும். ஆனாலும் கரப்பந்தில் கணுக்காலுக்கு மிகவும் ஆபத்தான இடம் வலையடிதான். அடிப்பவர் எம்பி முன்னே வந்து விழுகிறார். எதிர்ப்பக்கம் தடுக்க எம்பியவர் இறங்கும்போது அடித்தவருடைய பாதத்தின் மேல் மிதிக்கிறார். பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டிலோ அதற்கு நேர்மேலோ இருந்தால் எதிர்ப்பக்கத்தைத் தொட விதி விடுகிறது. அந்தச் சில அங்குலத்தில்தான் கால் பிரளுகிறது.

மறுபடி சுளுக்குமா என்பதைக் காட்டும் வலுவான அடையாளம் முன்பு சுளுக்கியதுதான். மூட்டுநாருக்குள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவிக்கும் உணர்வு முனைகள் உண்டு. நார் கிழியும்போது அந்த அறிவித்தலும் குழம்புகிறது. பாதம் திரும்புவதை உடம்பு பிந்தி அறிகிறது. நோ போய்விட்டதே என்று ஆடப் போகிறவர் மாட்டுப்படுவது இதனால்தான். நெதர்லாந்தில் 116 கரப்பந்து அணிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், ஆடும் பலகையில் (ஏறி நின்றால் பக்கங்களுக்குச் சரியும் பலகை) நின்று செய்யும் சமநிலைப் பயிற்சி கணுக்கால் சுளுக்கைக் குறைத்தது. பலன் கிடைத்தது முன்பு சுளுக்கியவர்களுக்கே. அதே நாட்டில் 2009இல் வந்த இன்னோர் ஆய்வு 522 வீரர்களைச் சேர்த்தது. வீட்டிலேயே எட்டு வாரம் பயிற்சி செய்தவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியவர்கள் 22 சதவீதம். செய்யாதவர்களில் 33 சதவீதம்.

உடனடிச் சிகிச்சையில் கருத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நால்வரிச் சூத்திரத்தை 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மேர்க்கின். ஐஸ் ஆறுதலைப் பிந்தவைக்கலாம் என்று பின்னாளில் அவரே எழுதினார். இன்று கட்டும் உயர்த்தலும் நிலைத்து நிற்கின்றன. நீண்ட ஓய்வு போய், தாங்கக்கூடிய அளவுக்கு விரைவில் நடக்கவிடுவது வந்திருக்கிறது.

எக்ஸ்ரேக்கு மாவட்ட வைத்தியசாலை வரை பஸ் பிடிக்கிற ஊர்களுக்கு 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி பெறுமதியானது. அடிபட்ட உடனும், வைத்தியர் பார்க்கும்போதும் நாலு அடி வைக்க முடியவில்லையா? உள், வெளி மொளிகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் நோகிறதா? சின்னவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பு, உட்பக்கம் பாத வளைவுக்கு மேலுள்ள எலும்பு, இவற்றில் நோகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் படம் எடுக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சுளுக்கு என்றே கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள், போதையில் இருப்பவர்கள், காலில் உணர்வு குறைந்த நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு இந்த விதியை மட்டும் நம்பக் கூடாது.

ஆடும் பலகை இல்லாத பாடசாலையில் இதைச் செய்யலாம்: சுளுக்கிய கால் ஒன்றில் மட்டும் நின்றபடி, எதிரே நிற்பவர் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவது. முதலில் வெறுந்தரையில், பிறகு மடித்த சாக்கின் மேல். நோ நின்ற பிறகும் சில கிழமை விடாமல் செய்ய வேண்டும்.