ஐஸ்சேவ் முடங்கியபோது: கோபத்துக்குச் சரியான விலாசம் எது?

2008 அக்டோபர் 7. ஐஸ்சேவ் இணையதளத்தில் பணம் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்ற அறிவிப்பு மட்டும் நின்றது. பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமார் 450 கோடி பவுண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. ஐஸ்லாந்து நாட்டின் மக்கள்தொகையே அன்று 3.2 லட்சம் அளவுதான். அந்த வாரம் விழுந்த லாண்ட்ஸ்பாங்கி என்ற ஐஸ்லாந்து வங்கி நடத்திய இணையச் சேமிப்புக் கணக்குதான் ஐஸ்சேவ். போய்க் கேட்கக் கவுண்டர் இல்லை, பாஸ்புக் இல்லை. வட்டி மட்டும் 6 சதவீதத்துக்கு மேல்.

பணம் போன கோபம் வங்கியோடு நிற்கவில்லை, நாட்டின் மேல் பாய்ந்தது. ஐஸ்லாந்து மீனை வாங்கக் கூடாது, அங்கே சுற்றுலா போகக் கூடாது, ஐஸ்லாந்துக்காரர்கள் முதல் போட்ட கடைகளில் கால் வைக்கக் கூடாது என்ற குரல்கள் எழுந்தன. புறக்கணிப்பு தவறான ஆயுதம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் யார் பையிலிருந்து பணம் குறையும் என்று கணக்குப் போடாமல் அதை எடுத்தால் அது எடுத்தவரையே பதம் பார்க்கும்.

'ஐஸ்லாந்து' என்ற பெயரிலேயே பிரிட்டனில் ஒரு உறைநிலை உணவுக்கடைச் சங்கிலி உண்டு. 1970-இல் ஆஸ்வெஸ்ட்ரியில் மால்கம் வாக்கர் தொடங்கியது. வேல்ஸில் தலைமையகம், பிரிட்டிஷ் ஊழியர்கள். பெயருக்கும் நாட்டுக்கும் தொடர்பில்லை என்றாலும் முதலுக்கு இருந்தது: பாகுர் என்ற ஐஸ்லாந்து முதலீட்டு நிறுவனம் அதில் பெரும் பங்கு வைத்திருந்தது. 2009-இல் பாகுர் விழுந்தபின் அந்தப் பங்கு கடனுக்கு ஈடாக லாண்ட்ஸ்பாங்கியின் கலைப்புக் குழுவிடம் போனது. கடையில் 67 சதவீதம் அவர்கள் கையில். 2012-இல் வாக்கர் தலைமையிலான குழு 155 கோடி பவுண்டு மதிப்பில் கடையைத் திரும்ப வாங்கியது. கலைப்புக் குழுவுக்கு வந்த பங்கு யாருக்குப் போக வேண்டியது? டெபாசிட் போட்டவர்களுக்கு முதலில் பணம் கொடுத்துவிட்டு, அதை வசூலிக்க வரிசையில் நின்ற பிரிட்டிஷ், டச்சு அரசுகளுக்கு (ஐஸ்சேவ் நெதர்லாந்திலும் இயங்கியது). அந்தக் கடையை மக்கள் ஒதுக்கி அதன் மதிப்பு சரிந்திருந்தால் நஷ்டம் பிரிட்டிஷ் வரி செலுத்துபவர் தலையில்தான் விழுந்திருக்கும். கோபப்பட்டவரும் அவர்தான்!

மீன் கதையும் அப்படியே. ஐஸ்லாந்து காட், ஹேடக் மீன்கள் பிரிட்டனின் கிரிம்ஸ்பி, ஹல் ஊர்களில் வெட்டிச் சுத்தம் செய்யப்படுகின்றன. வாங்குவது நின்றால் முதலில் வேலை போவது அங்கே கத்தி பிடித்து நிற்பவருக்கு. ஐஸ்லாந்துப் படகுகளுக்கோ பிடி அளவு கோட்டாவில் கட்டியது. 2008-இல் குரோனா நாணயம் யூரோவுக்கு எதிராகப் பாதி மதிப்பை இழந்ததால் அந்த மீன் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மலிவாக விலை போயிருக்கும். இன்னொரு சிக்கல்: பேக்கவோர் போன்ற ஐஸ்லாந்து முதலாளிகளின் நிறுவனம் செய்த உணவு, பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளின் சொந்தப் பெயரில்தான் அலமாரியில் இருந்தது. லேபிளைப் பார்த்து ஒதுக்க வழியே இல்லை.

அரசாங்கமே கோபத்தில் எடுத்த ஆயுதம் இன்னும் அகலமாக வெட்டியது. அக்டோபர் 8 அன்று, 2001-ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தில் பொருளாதாரத்துக்குத் தீங்கு செய்பவர்மீதும் பாயக்கூடிய பிரிவை எடுத்து, லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை பிரிட்டன் முடக்கியது. நிதியமைச்சகத்தின் இணையப் பட்டியலில் அல்-கொய்தாவுக்குப் பக்கத்தில் ஒரு வங்கியின் பெயர்! அதைப் பார்த்த வெளிநாட்டு வங்கிகள் சம்பந்தமே இல்லாத ஐஸ்லாந்து வணிகர்களின் பணப்பரிமாற்றத்தையும் தயங்கி நிறுத்தின. 'நாங்கள் பயங்கரவாதிகள் அல்ல' என்ற ஐஸ்லாந்து மக்களின் மனுவில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் காயம் ஆறாமல்தான், சுமார் 390 கோடி யூரோவை (தலைக்கு ஏறக்குறைய 12,000 யூரோ) ஐஸ்லாந்து நாடே பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் திருப்பிக் கட்டும் ஒப்பந்தத்தை 2010 மார்ச் 6 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் நிராகரித்தார்கள். 2011 ஏப்ரலில் திருத்திய ஒப்பந்தத்துக்கும் அதே கதி. 2013 ஜனவரி 28-இல் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) நீதிமன்றம், டெபாசிட்டை அரசே கட்டியாக வேண்டியதில்லை என்று ஐஸ்லாந்து அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அப்படியானால் பணம் எப்படித் திரும்பி வந்தது? 2008 அக்டோபர் 6-இல் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் அவசரச் சட்டம் போட்டு, டெபாசிட்டுக்குக் கடன் பத்திரங்களைவிட முன்னுரிமை கொடுத்தது. நஷ்டத்தைப் பத்திரம் வாங்கியவர்கள் சுமந்தார்கள். கலைப்புக் குழு சொத்துகளை விற்று 2016 ஜனவரிக்குள் முன்னுரிமைக் கடனை முழுவதும் அடைத்தது. கென்ட் கவுண்டி போன்ற பிரிட்டிஷ் உள்ளாட்சிகளுக்கு (கென்ட் மட்டும் 5 கோடி பவுண்டு) அரசின் முழு உத்தரவாதம் கிடைக்கவில்லை. அவர்கள் ஐஸ்லாந்து நீதிமன்றத்துக்கே வழக்கறிஞர் வைத்துப் போய், 2011-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் முன்னுரிமையை உறுதி செய்துகொண்டார்கள். ஐஸ்லாந்து மக்களின் கோபமும் தெருவில் பானை தட்டியதோடு முடியவில்லை. 2009 ஜனவரியில் அரசு விழுந்தது, சிறப்பு வழக்குத்தொடுநர் வந்தார், அதே வாரம் விழுந்த இன்னொரு ஐஸ்லாந்து வங்கியான கௌப்திங்கின் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அந்த கௌப்திங்கின் இணையக் கணக்குதான் நமக்குப் பாடம். அதே நாடு, அதே வாரம், அதே வீழ்ச்சி. ஆனால் பிரிட்டனில் அது லண்டனில் பதிவான துணை நிறுவனமாக, அதாவது பிரிட்டிஷ் விதிகளுக்கு உட்பட்ட தனி நிறுவனமாக இயங்கியது. டெபாசிட்டுகள் உடனே ஐஎன்ஜி டைரக்ட் என்ற வேறொரு வங்கிக்கு மாறின. ஐஸ்சேவ் வெறும் கிளை, ஐஸ்லாந்து வங்கியின் ஒரு பகுதி. அதனால் முதல் பொறுப்பு ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதிக்கு, அதுவும் 20,887 யூரோ வரை. அந்த நிதியில் அவ்வளவு பணமே இல்லை. பிரிட்டிஷ் அரசு கஜானாவைத் திறந்ததால்தான் சில்லறை டெபாசிட்காரர்கள் தப்பித்தார்கள். அதே கௌப்திங்கின் மான் தீவுத் துணை நிறுவனத்தில் போட்டவர்களுக்கு அந்தக் கை நீளவில்லை. தீவு பிரிட்டிஷ் உத்தரவாதத்துக்கு வெளியே.

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் ஸ்டேட் பாங்கிலோ ஐசிஐசிஐ வங்கியிலோ டெபாசிட் போடும்போது இதைப் பார்ப்பதில்லை. ஸ்டேட் பாங்கின் சில்லறை வணிகம் 2018-இலிருந்து அங்கே தனித் துணை நிறுவனம். ஐசிஐசிஐ அதற்கு முன்பிருந்தே. எந்த வங்கியானாலும் பிரிட்டனின் நிதி நடத்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் (FCA) பதிவேட்டில் நிறுவன எண்ணைத் தட்டி, கிளையா துணை நிறுவனமா, பிரிட்டிஷ் டெபாசிட் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். 2025 டிசம்பர் 1 முதல் வரம்பு ஒருவருக்கு 1,20,000 பவுண்டு. இந்த வரம்பு உரிமத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று அல்ல: ஒரே உரிமத்தில் இரண்டு பெயர்களில் இயங்கும் வங்கிகளில் பிரித்துப் போட்டால் ஒரு வரம்புதான். வீடு விற்ற பணம் போலத் திடீரென வரும் தொகைக்கு 6 மாதம் கூடுதல் பாதுகாப்பு உண்டு, அதற்கு ஆவணம் கேட்பார்கள். இணைய வங்கியானால் மாதாமாதம் ஸ்டேட்மென்டை இறக்கி வையுங்கள். வங்கி விழுந்த மறுநாள் 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வரும் அழைப்பைத் துண்டியுங்கள். டெபாசிட் இழப்பீட்டு அமைப்பு ஒரு பென்னிகூடக் கேட்காது.