கழற்றி மாட்டும் ரிம்: முதல் கிராண்ட் பிரி பந்தயத்தின் வெற்றி ரகசியம்

1906 ஜூன் 26, 27 தேதிகளில் பிரான்சின் லெ மான் நகருக்கு வெளியே முதல் கிராண்ட் பிரி நடந்தது. அதற்கு முந்தைய கார்டன் பென்னட் கோப்பை என்ற கார் பந்தயத்தில் ஒரு நாட்டுக்கு மூன்று கார்களுக்குத்தான் இடம். கார் தயாரிப்பாளர்கள் நிறைந்த பிரான்சுக்கு அது பொருந்தவில்லை. அதனால் பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப், நாட்டுக்கு மூன்று என்பதை நிறுவனத்துக்கு மூன்று என்று மாற்றித் தனிப் பந்தயமே தொடங்கியது.

சுமார் 103 கி.மீ. சுற்று, நாளுக்கு ஆறு வீதம் பன்னிரண்டு சுற்றுகள். கிளம்பியவை 32 கார்கள், முடித்தவை 11. வென்றவர் ஹங்கேரியரான ஃபெரன்ஸ் சிஸ். அவருடைய ரெனோவின் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 13 லிட்டர். போட்டி நிறுவனமான பானாரின் கார்களில் 18 லிட்டருக்கும் மேல் இருந்தது. ஆக, எஞ்சினின் அளவு வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. பந்தயத்தின் முடிச்சு டயரில் இருந்தது.

புழுதியை அடக்கச் சாலைக்குத் தார் பூசியிருந்தார்கள். கடும் வெயிலில் தார் உருகி ஓட்டுநர்களின் முகத்தில் தெறித்தது. பெயர்ந்த கூர்ங்கற்கள் டயரைக் கிழித்தன. அக்கால டயரும் பலவீனமானது. ரப்பருக்குள் இருந்தது குறுக்கும் நெடுக்குமாக நெய்த பருத்தித் துணி. சக்கரம் சுழலச் சுழல இழைகள் ஒன்றையொன்று உரசிச் சூடேறி அறுந்தன. இயக்குவிசையைத் தாங்கும் பின் டயர்கள்தான் முதலில் போயின.

சக்கரமோ மர ஆரக்கால்களோடு அச்சில் நிலையாக இருந்தது. முழுச் சக்கரத்தைக் கழற்றி மாட்ட வழியில்லை. டயரின் தடித்த விளிம்பு, அதைத் தாங்கும் வளையமான ரிம்மின் வளைந்த ஓரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றழுத்தம்தான் அதை நழுவாமல் பிடித்து வைக்கும். பஞ்சரானால் பழைய டயரைக் கத்தியால் அறுத்து எறிய வேண்டும். பிறகு ரிம்மைத் துடைத்து, புது ட்யூபை வைத்து, டயரின் விளிம்பை லீவரால் நெம்பி உள்ளே தள்ளி, காற்றடிக்க வேண்டும். அவசரத்தில் லீவருக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கினால் புது ட்யூபும் ஓட்டைதான். ஒரு டயருக்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம். ஓட்டுநரும் கூடப் பயணிக்கும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் காரைத் தொடக் கூடாது என்ற விதி இந்த வேலையை இன்னும் கடுமையாக்கியது.

மிஷ்லின் டயர் நிறுவனம் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. காற்றடித்த டயரோடு ரிம்மை முன்கூட்டியே தயாராக வைத்துவிட வேண்டியது. சக்கரத்தின் மரவட்டத்தில் அந்த ரிம்மைப் பிடித்திருப்பவை எட்டு நட்டுகள். அவற்றைக் கழற்றி, கெட்ட ரிம்மை டயரோடு இழுத்து, புதியதை ஏற்றி, நட்டுகளை இறுக்கினால் போதும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பதின்மூன்று நிமிட மிச்சம் என்பது, சிஸ்ஸின் சராசரி வேகமான மணிக்கு 101 கி.மீ. கணக்கில், ஒவ்வொரு டயருக்கும் 22 கி.மீ. முன்னிலை!

ஆனால் ஒரு சக்கரத்துக்கு 9 கிலோ எடை கூடியது. காரின் எடை 1000 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெரிய எஞ்சினுக்கே எடையைச் செலவழித்துவிட்ட பானார், இத்தாலா நிறுவனங்கள் இந்த ரிம்மைப் பொருத்த முடியாமல் நின்றன. ரெனோ நன்றாகக் கணக்குப் போட்டது: முன் சக்கரங்களுக்குப் பழைய ரிம்மையே விட்டு, அதிகம் கிழியும் பின் சக்கரங்களுக்கு மட்டும் புதியதைப் போட்டது. கூடியது 36 கிலோ அல்ல, 18 கிலோ. அந்தப் பந்தயத்தின் மிகச் சிறந்த பொறியியல் முடிவு இதுதான் என்று சொல்வேன்.

ஃபியட்டிடமும் இதே ரிம் இருந்தது. அதன் ஓட்டுநர் ஃபெலிசே நட்சாரோ இரண்டாவதாக வந்தார். சிஸ் முடிக்க எடுத்தது 12 மணி 14 நிமிடம். கடைசிச் சுற்றுகளில் பின்புற ஸ்பிரிங் உடைந்தும், கையிலிருந்த முன்னிலையால் நிதானமாக ஓட்டி, அரை மணிக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார்.

1908-இல் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறையை பிரிட்டனின் நேப்பியர் கார் நிறுவனம் கொண்டுவர முயன்றது. பிரெஞ்சு கிளப் அதைத் தடைசெய்ய, நேப்பியர் பந்தயத்திலிருந்து விலகியது. கழற்றும் ரிம்முக்கு மட்டும் அப்போதும் அனுமதி இருந்தது.